புதன்கிழமைத் தலையிடி

இலங்கையின் வடக்கே வன்னியில் மனநலக் கிளினிக்குக்கு வருபவர்களில் "மனம் சரியில்லை" என்று பேச்சைத் தொடங்குபவர்கள் குறைவு. தலையிடி, நெஞ்சு படபடப்பு, கைகால் விறைப்பு, நித்திரையில்லை என்றுதான் வருவார்கள். அதுவும் வெளிநோயாளர் பிரிவில் பலதரம் பனடோல் வாங்கிப் பார்த்துச் சலித்த பிறகு. உளசமூகப் பணியாளராக அவர்களோடு கதைக்கும்போது, வருத்தத்தைப் பற்றி விசாரிக்கும் முன் வேறு சிலதைக் கேட்பது என் வழக்கம். வீடு யாருடைய காணியில் இருக்கிறது? கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா? கடன் இருக்கிறதா, என்ன கிழமை கட்டவேண்டும்?

கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்பதில்லை. ஒரு பெண்ணுக்குச் செவ்வாய் இரவு தொடங்கும் தலையிடி புதன் பின்னேரம்தான் விடும். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இதே கதையோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.) புதன்கிழமை நுண்கடன் நிறுவனத்துப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வருகிற நாள். கச்சான் (நிலக்கடலை) போடவும் தண்ணீர் மெசின் வாங்கவும் எடுத்த கடன். மழை பொய்த்தது, கச்சான் கருகியது. அந்தக் கடனைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன். மெசினையும் விற்றாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது தொகையை விட முறை. குழுக் கடனில் அயல்வீட்டுப் பெண்கள்தான் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும். காசு சேரும்வரை எல்லோரும் அவளுடைய முற்றத்தில் இருப்பார்கள். அவள் குசினிக்குள் இருந்துகொண்டு, "அம்மா கடைக்குப் போட்டா என்று சொல்லு" என்று பிள்ளையை வெளியே அனுப்புவாள். பிள்ளை சொல்லும். கேட்பவர்களுக்கும் உண்மை தெரியும். இடம்பெயர்ந்து ஓடியபோது ஒரே தறப்பாளுக்குக் கீழே சமைத்துச் சாப்பிட்ட பெண்கள் இவர்கள். இப்போது கோவிலில் கண்டாலும் கதையில்லை. மனம் நொந்தவருக்கு முதல் மருந்து அயல்தான். அந்த அயலையே கடன்காரராக்கிவிட்டு, இவளுக்கு ஏன் மனச்சோர்வு என்று கேட்டால் என்ன சொல்வது?

2018இல் அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் இரண்டு மூன்று இடத்தில் கடன் உள்ளவருக்கு ஒன்று கழிந்தால் மற்றது நிற்கும். இந்தப் பெண்ணுக்குக் குளிசை நித்திரையைத் தந்தது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் உதவியோடு, கிழமைக் கட்டுக்காசை மாதக் கட்டாக மாற்றிய பிறகுதான் தலையிடி குறைந்தது. முழுதாகப் போகவில்லை, கடனும் போகவில்லையே.

வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் போர்க் கனவுகளைப் பற்றித்தான் கேட்பார்கள். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலைக் கண்டவருக்கு அந்தக் கனவு வரத்தான் செய்யும். ஆனால் 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் செய்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள்: போரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடம், மனச்சோர்வு 22 வீதமானோரிடம், பதகளிப்பு (ஓயாத பதற்றம்) ஏறத்தாழ 33 வீதமானோரிடம். அது வன்னிக் கணக்கு இல்லை. என்றாலும் நாங்கள் கிளினிக்கில் காண்பதும் இந்த ஒழுங்குதான். பழைய பயங்கரத்தோடு இன்றைய கவலையும் சேர்ந்துதான் ஆளை அமுக்குகிறது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் இது இன்னும் சிக்கல். நான் கண்ட ஒரு வீட்டில் மாமியும் மருமகளும் ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு. மகன் 2009இல் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். மருமகளுக்கு மரணச் சான்றிதழ் வேண்டும், காணி மாற்றவும் உதவிப்பணம் எடுக்கவும் அது இல்லாமல் அலைக்கழிகிறார். "அதில கையெழுத்து வைச்சா நானே அவனைக் கொன்ற மாதிரி" என்கிறார் மாமி. இரண்டு பேர் சொல்வதும் சரி. பொட்டு வைப்பதா விடுவதா, திவசம் செய்வதா அர்ச்சனை செய்வதா என்பதுகூட அந்த வீட்டில் சண்டைதான். சாத்திரம் கேட்டால் "உயிரோடு இருக்கிறார்" என்று வரும், பிறகு இன்னொரு வருடம் காத்திருப்பு.

2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, ஆளைக் காணவில்லை என்பதற்கு மட்டும் ஒரு சான்றிதழ் எடுக்கலாம். இது எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்கு அதை எடுத்துச் சொன்னபோது சண்டை கொஞ்சம் தணிந்தது. ஆனால் துக்கம் கொண்டாட வழியில்லாத துக்கத்துக்கு எந்தத் தாளும் போதாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் பந்தல் போட்டு அமர்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அந்தப் பந்தல் அரசியல் மட்டும் என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு பின்னேரம் போய் இருந்து பாருங்கள். வீட்டில் சொன்னால் "திரும்பத் திரும்ப அதையே கதைக்காதை" என்பார்கள், அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஆண்கள் எங்களிடம் வருவது குறைவு. உடம்புக்குள் ஷெல் பீஸோடு வெயிலில் கூலிவேலை செய்கிறவர், பின்னேரம் கசிப்புக்குப் போகிறார். புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளி, யார் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களோ என்று பயந்து கூட்டங்களுக்கே போவதில்லை. மனைவி அடிவாங்கி வந்த பிறகுதான் அந்த வீட்டின் கதை எங்களுக்குத் தெரியவரும். குடியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "குடிகாரன்" என்று கோப்பில் எழுதி மூடிவிட்டால் பீஸும் பயமும் அப்படியேதான் இருக்கும்.

தூரமும் ஒரு காரணம். ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமத்தில் இருப்பவர் கிளினிக்குக்கு வர ஒருநாள் கூலியை விடவேண்டும், பஸ் தவறினால் அன்றைய பயணமே வீண். 2022 பொருளாதார நெருக்கடியில் விலை ஏறியபோது இது இன்னும் மோசமானது. இடையில் மருந்தை விட்டவர்களைக் கண்டிக்கும் முன் பஸ் நேரத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இலங்கையில் 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை பிறகு பெருமளவு குறைந்தது. பயிருக்கு அடிக்கும் கொடிய கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததே அதற்கு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த நொடியில் கைக்கு எட்டாமல் போனதால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆகவே வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக் கூரையில் செருகாமல் பூட்டி வையுங்கள், அல்லது தேவைக்கு மட்டும் வாங்குங்கள். யாராவது "இனி இருந்து என்ன" என்று சொன்னால் பகிடியாக எடுக்காமல், சாக நினைக்கிறீர்களா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள், அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிவாருங்கள். வர ஏலாத நேரத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலும் கதைக்கலாம்.

கிராம சேவையாளர், ஆசிரியர், சங்கத் தலைவி இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: ஒருவரை எங்களிடம் அனுப்பும்போது அவருடைய கடன், காணி, சான்றிதழ் சிக்கல்களையும் துண்டில் ஒரு வரி எழுதி விடுங்கள்.