விறகுப் புகை எந்தக் கணக்கில் ஏறும்?

நாட்டின் பசுங்குடில் வாயுக் கணக்கை ஐபிசிசி-யின் (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) 2006 வழிகாட்டுதல்படி எழுதும்போது, விறகோ மரத்தூளோ எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடை எரிசக்திப் பிரிவின் மொத்தத்தில் கூட்டக் கூடாது. கணக்கிட்டுத் தனிக் குறிப்பு வரியில் காட்ட வேண்டும். மரத்தை வெட்டியபோதே அந்தக் கார்பன் இழப்பு நிலப் பயன்பாட்டுப் பிரிவில் ஏறிவிடுகிறது. இங்கும் எழுதினால் இருமுறை ஏறும்.

இதை வைத்து ‘உயிரி எரிபொருளுக்கு உமிழ்வே இல்லை’ என்பது தவறு. ஒரு டெராஜூல் (1,000 கிகாஜூல்) வெப்பத்துக்கு விறகு 112 டன் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. பிட்டுமினஸ் நிலக்கரி 94.6 டன்தான். விறகை இறக்குமதி செய்தால் இழப்பு வெட்டிய நாட்டின் கணக்கில் விழும். அங்கே வனக் கணக்கு சரியில்லையென்றால் அந்தக் கார்பன் எங்குமே பதிவாகாது.

விறகு எரியும்போது கூடவே வரும் மீத்தேனுக்கும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் இந்த விலக்கு கிடையாது. அவை எரிசக்திப் பிரிவிலேயே கூடும்.

ஒரு மின்நிலையம் 1,000 டன் விறகு எரித்தது என்று வையுங்கள். நிகர வெப்ப மதிப்பு டன்னுக்கு 15.6 கிகாஜூல், ஆக 15.6 டெராஜூல். அதை 112-ஆல் பெருக்கினால் 1,747 டன் கார்பன் டை ஆக்சைடு, இது குறிப்பு வரிக்கு. மீத்தேன் டெராஜூலுக்கு 30 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடு 4 கிலோ. முறையே 28, 265 என்ற புவி வெப்ப மதிப்புகளால் (கார்பன் டை ஆக்சைடைப்போல் எத்தனை மடங்கு வெப்பமூட்டும் என்ற எண்) பெருக்கினால் சுமார் 30 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமானம். மொத்தத்தில் ஏறுவது இந்த 30 மட்டும். அதே விறகு வீட்டு அடுப்பில் எரிந்தால் மீத்தேன் காரணி 300 கிலோ, அதாவது பத்து மடங்கு. அடுப்பையும் கொதிகலனையும் ஒரே காரணியில் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அதைவிடப் பெரிய பிழை ஈரப்பதத்தில். 15.6 என்பது காய்ந்த விறகுக்கான மதிப்பு. பாதி எடை தண்ணீராக இருக்கும் பச்சை விறகுக்கு அது 8 அளவில்தான் நிற்கும். எடைமேடை காட்டிய பச்சை எடையை அப்படியே 15.6-ஆல் பெருக்கினால் விடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சரிபார்க்க எளிய வழி: முற்றிலும் உலர்ந்த மரத்தில் பாதி கார்பன், உலர் எடையை 1.83-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு எடை வரும்; இந்த விடையும் வெப்ப மதிப்பு வழியில் வந்த விடையும் நெருங்கி வர வேண்டும்.

கலப்பு எரிபொருளைப் பிரித்தே எழுத வேண்டும். நகரக் குப்பையில் உள்ள பிளாஸ்டிக்கின் கார்பன் புதைபடிவக் கணக்கைச் சேரும். பயோடீசலிலும் புதைபடிவ மெத்தனாலில் இருந்து வந்த பங்கு சிறிதளவு உண்டு. பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிப் படிந்த தாவர எரிபொருள்) தாவரத்திலிருந்து வந்ததுதான் என்றாலும், இந்த விதிப்படி அதற்கு உயிரி எரிபொருள் சலுகை இல்லை. முழுவதும் மொத்தத்தில் கூடும்.