நேபாளக் காப்பீட்டு அட்டைக்குள் தான்சானியா

நேபாள அரசு சுகாதாரக் காப்பீட்டுக்குப் பயன்படுத்தும் ஓப்பன்ஐமிஸ் மென்பொருளின் நிரலைத் திறந்து பார்த்தால், பயனாளியின் அட்டை எண்ணுக்கு 'சிஎச்எஃப்ஐடி' என்று பெயர் போட்டிருக்கும். அதிலுள்ள 'சிஎச்எஃப்' தான்சானியாவின் சமூக சுகாதார நிதித் திட்டத்தின் சுருக்கப் பெயர். 2012 வாக்கில் சுவிட்சர்லாந்து உதவியோடு அங்கே எழுதிய மென்பொருள்தான் அப்புறம் கேமரூன், நேபாளம் என்று நாடு நாடாகப் போனது. 2016-ல் நேபாளம் கைலாலி மாவட்டத்தில் காப்பீட்டை ஆரம்பித்தது. அதே ஆண்டு சுவிஸ், ஜெர்மன் அரசுகளின் வளர்ச்சி உதவி அமைப்புகள் சேர்ந்து இந்த மென்பொருளைத் திறமூலமாக்கும், அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ள விடும், வேலையில் இறங்கின. பழைய பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைப்பானேன்!

காப்பீடு என்றதும் சந்தா, அட்டை இரண்டும்தான் நமக்கு ஞாபகம் வரும், ஆனால் நடத்துபவர்களுக்கு நிஜமான தலைவலி மருத்துவமனைகள் அனுப்பும் பில்கள். ஆலோசனைக் கட்டணம், எக்ஸ்ரே, பத்து பாராசிட்டமால் என்று மூன்று வரி உள்ள ஒரு பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதியில் பாலிசி நடப்பில் இருந்ததா, எக்ஸ்ரே இந்த மருத்துவமனையின் விலைப்பட்டியலில் உண்டா, இவருடைய திட்டத்தில் அது அடங்குமா, குறிப்பிட்ட நாட்களுக்குள் அதே சேவையை மறுபடி எழுதியிருக்கிறார்களா, ஆணுக்குப் பிரசவச் செலவு போட்டிருக்கிறார்களா என்று மென்பொருள் வரி வரியாகச் சலிக்கும். எக்ஸ்ரே மட்டும் தேறவில்லை என்றால் அந்த வரி மட்டும் காரண எண்ணோடு தள்ளுபடியாகும், மற்ற இரண்டும் மேலே போகும். இதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை, சாதாரணச் சல்லடைதான். விலை, உச்சவரம்பு, காத்திருப்புக் காலம் எல்லாம் நிரலுக்கு வெளியே அட்டவணைகளில் இருப்பதால்தான் ஒரே மென்பொருள் இத்தனை நாடுகளுக்குப் பொருந்துகிறது.

சல்லடையில் தேறிய எல்லா பில்லையும் மருத்துவ அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் குலுக்கல் முறையில் கொஞ்சம், தொகை பெரியவை கொஞ்சம், சராசரியிலிருந்து ரொம்பவே விலகியவை கொஞ்சம் என்று மென்பொருளே அவருக்குப் பொறுக்கிக் கொடுக்கும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த ஏற்பாடு: களப்பணியாளர் நோயாளியின் வீட்டுக்கே போய், சிகிச்சை கிடைத்ததா, தனியாகப் பணம் கேட்டார்களா, மருந்து எழுதினார்களா, அந்த மருந்து கைக்கு வந்ததா என்று கேட்டு போனில் பதிவு செய்யலாம். பில்லில் மட்டும் இருக்கும் மருந்தைப் பிடிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மென்பொருளின் உரிமம் ஏஜிபிஎல் என்ற திறமூல வகை. யாரும் எடுத்து மாற்றி இணையத்தில் ஓட்டலாம், ஆனால் மாற்றிய நிரலை அதைப் பயன்படுத்துபவர்களுக்குத் தந்தாக வேண்டும். திறந்து கிடப்பதால் ஓட்டைகளும் கண்ணில் படும். மூல வடிவத்தில் அட்டை எண் ஒன்பது இலக்கம். முதல் எட்டு இலக்க எண்ணை ஏழால் வகுத்து வரும் மீதிதான் கடைசி இலக்கம், எண்ணைத் தப்பாக அடித்தால் பிடிப்பதற்காக. 12345678-ஐ வகுத்தால் மீதி 2, ஆகவே எண் 123456782. கடைசி 7, 8 இரண்டையும் இடம் மாற்றி 12345687 என்று அடித்தால் மீதி 4, உடனே பிடித்துவிடும். சரி, முதல் 1-ஐ 8 என்று அடித்தால்? எண் சரியாக ஏழு கோடி கூடுகிறது, ஏழு கோடி ஏழால் மீதியின்றி வகுபடும், மீதி பழையபடி 2-தான். மென்பொருள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அந்த எண்ணில் இன்னொருவர் இருந்தால், திரையில் வரும் போட்டோவைக் கவுன்டரில் இருப்பவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால்தான் உண்டு.