குறட்டையைப் பற்றி மயக்க மருத்துவர் ஏன் விசாரிக்கிறார்?

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய கணவருக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி செய்து எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் பார்த்த மயக்க மருத்துவர், "குறட்டை விடுவீர்களா?" என்று கேட்டாராம். கணவர் இல்லை என்று தலையாட்ட, மருத்துவர் மனைவி பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அப்புறம் டேப்பை எடுத்துக் கழுத்தையும் சுற்றி அளந்தாராம். பித்தப்பைக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்பது வாசகியின் கேள்வி.

பித்தப்பைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. மயக்க மருந்துக்கு நிறைய இருக்கிறது.

முழு மயக்கம் என்றால் என்ன நடக்கும் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். நரம்பில் ப்ரோபோஃபால் போன்ற மருந்து ஏறியதும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும், மூச்சும் நின்றுவிடும். மூக்கையும் வாயையும் சேர்த்து மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, பையை அமுக்கி மருத்துவர் காற்று கொடுப்பார். தசைகளைத் தளர்த்தும் மருந்து வேலை செய்ததும் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவார். பிறகு மெஷின் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு இது சிக்கலில்லாமல் முடிகிறது. சிலருக்கு மாஸ்க்கில் கொடுக்கும் காற்று உள்ளே போகாது, சிலருக்கு டியூப் போக வழி தெரியாது. இரண்டும் ஒரே ஆளுக்கு நேர்ந்தால், மூளைக்கு ஆக்சிஜன் இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. யாருக்கு அப்படி ஆகும் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளத்தான் குறட்டைக் கேள்வி.

இனி தொண்டைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மூக்கில் எலும்பும் குருத்தெலும்பும் இருக்கின்றன. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாக நின்று திறந்து வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில், உள்நாக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரை உள்ள தொண்டைக்கு மட்டும் அப்படி எந்தத் தாங்கலும் கிடையாது. சோறு இறங்குவதும், பேச்சு உருவாவதும், மூச்சு போய்வருவதும் இந்த ஒரே வழியில்தான். விழுங்கும்போது இறுகி, பேசும்போது கணத்துக்குக் கணம் வடிவம் மாற வேண்டிய இடம் கெட்டியான குழாயாக இருக்க முடியாது. நாக்கின் அடியைப் பிடித்திருக்கும் ஹையாய்டு எலும்புகூட வேறெந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல், தசைகளிலும் நார்களிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நெகிழ்ந்த குழாய்க்கு ஒரு சிக்கல் உண்டு. இளநீர்க் கடையில் இப்போது தரும் காகித ஸ்ட்ரா நன்றாக ஊறிய பிறகு வேகமாக உறிஞ்சிப் பாருங்கள். சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னும் பலமாக உறிஞ்சினால் இன்னும் இறுகும். தொண்டையிலும் அதே இயற்பியல்தான். உதரவிதானம் கீழிறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, தொண்டைச் சுவர்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. அப்படியானால் ஒவ்வொரு மூச்சுக்கும் நம் தொண்டை ஏன் அடைத்துக்கொள்வதில்லை?

காரணம் நாக்கு. கீழ்த்தாடையின் உட்புறத்திலிருந்து விசிறிபோல் விரியும் ஜீனியோகுளாசஸ் என்ற தசை நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. காற்று உள்ளே வரத் தொடங்குவதற்குக் கணநேரம் முன்பே மூளை இந்தத் தசைக்குக் கட்டளை அனுப்பிவிடுகிறது. மூச்சு பிறகு, வழி முதலில்! தொண்டையின் உட்சுவரில் உள்ள உணர்நரம்புகள் அழுத்தம் குறைவதை உணர்ந்ததும் அந்த இழுப்பு இன்னும் பலப்படுகிறது. இதில் ஒன்று கூடச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து அடிக்கடி மூச்சு நின்றுபோகும் கோளாறு உள்ளவர்களுக்கு, விழித்திருக்கும் நேரத்தில் இந்தத் தசை மற்றவர்களைவிடக் கடுமையாக உழைக்கிறது. பிறவியிலேயே குறுகலான அல்லது கொழுப்பு சேர்ந்து குறுகிப்போன வழியை அது பகல் முழுக்க இழுத்துத் திறந்து வைத்திருக்கிறது. அதனால் பகலில் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரிவதில்லை.

தூங்கினால் இழுப்பு தளர்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் சதை அதிர்ந்து குறட்டை வருகிறது. முழுதாகத் தளர்ந்தால் வழி மூடி மூச்சு நிற்கிறது. கரியமில வாயு ஏறி, மார்பு காற்றுக்குப் போராட, மூளை அரைகுறையாக விழிக்கிறது. ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது, பக்கத்தில் படுத்திருந்தவருக்குத்தான் தெரியும். மருத்துவர் மனைவியிடம் கேட்டது இதனால்தான்.

மயக்க மருந்து தசையையும் தளர்த்துகிறது, மூளை விழிப்பதையும் தடுக்கிறது. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஷிரோ இசோனோ குழுவினர் 1997-ல் இதை நேரடியாகப் பார்த்தார்கள். மயக்கத்தில், தசைகள் முழுதாகத் தளர்ந்த நிலையில், எண்டோஸ்கோப் வழியாகத் தொண்டையைப் பார்த்துக்கொண்டே காற்றழுத்தத்தை மாற்றினார்கள். சாதாரண ஆட்களின் தொண்டை மூட, உள்ளிருந்து உறிஞ்ச வேண்டியிருந்தது. ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களின் தொண்டையோ, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அதிகமாகக் கொடுத்தபோதே மூடிக்கொண்டது. தாடை எலும்பு விட்டுவைத்த இடம் சிறியது, அதற்குள் அடங்க வேண்டிய சதை அதிகம். மாஸ்க் காற்று தடைபடுவதற்கும், டியூப் போடும்போது நாக்கை ஒதுக்க இடமில்லாமல் குரல்வளை கண்ணில் படாமல் போவதற்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்களே, ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மயக்க மருத்துவர் மல்லம்பட்டி 1985-ல் வகுத்த சோதனை அது. நல்ல சோதனைதான். ஆனால் விழித்திருப்பவரின் தொண்டையை, அந்தத் தசை உழைத்துக்கொண்டிருக்கும்போது பார்க்கிறோம். குறட்டையைக் கேட்பது, தசை தளர்ந்த பிறகு அதே தொண்டை எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்பது.

இதை முறைப்படுத்தியது ஸ்டாப்-பேங் கேள்வித்தாள். டொராண்டோவில் பிரான்சஸ் சங் குழு 2008-ல் வெளியிட்டது. சத்தமான குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, உயர் இரத்த அழுத்தம், பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்து 40 செ.மீ.க்கு மேல், ஆண் என எட்டு விஷயங்களுக்கு எட்டு மதிப்பெண். 3 வந்தால் கவனம், 5 வந்தால் அதிகக் கவனம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த அலசல், ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு மாஸ்க், டியூப் இரண்டிலும் சிரமம் ஏற்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் என்கிறது.

இருந்தாலும் இந்தத் தாள் தேவையில்லாமலும் நிறையப் பேரைக் கைகாட்டும். டோம்பிவிலியிலிருந்து விடியற்கால லோக்கலைப் பிடித்து வேலைக்குப் போகிறவரிடம் பகலில் சோர்வாக இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? அதேபோல் தவறவிடவும் செய்யும். டென்மார்க்கில் சுமார் 1,88,000 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்த 2015 ஆய்வில், டியூப் போடச் சிரமப்பட்ட நேர்வுகளில் 93 சதவீதம் முன்கூட்டி எதிர்பார்க்காதவை. எனவே கழுத்து அசைவு, வாய் திறக்கும் அளவு, தாடை நீளம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கழுத்துக்கு 40, பிஎம்ஐக்கு 35 என்ற எல்லைகள் கனடாவில் வகுத்தவை. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 25 தொட்டாலே உடல் பருமன் என்று 2009-லேயே நம் மருத்துவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். கே.இ.எம்., சயான், நாயர் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் நடக்கும் அறுவைகளிலிருந்தே நமக்கான எல்லைகளை வகுக்க முடியும். அதற்கு ஒரு டேப்பும், ஒரு தாளும், டியூப் போட்டபோது நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கும் ஆளும் போதும். விலையுயர்ந்த கருவிகளுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் சிறு பங்காவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறட்டை என்றால் நிம்மதியான தூக்கம் என்ற நம்பிக்கையையும் நாம் விட வேண்டும். பெண்கள் குறட்டையை வெட்கப்பட்டு மறைப்பது அதைவிடக் கவலை தருகிறது.

சரி, மதிப்பெண் அதிகம் வந்தால் அறுவையைத் தள்ளிப்போட்டு, ஒரு ராத்திரி ஸ்லீப் ஸ்டடிக்குப் போக வேண்டுமா? இதயம், நுரையீரல் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். ஸ்லீப் ஆப்னியா இருப்பதாகவே வைத்துக்கொண்டு தயாராவார்கள். காதும் மார்பெலும்பின் மேல்முனையும் ஒரே மட்டத்தில் வரும்படி தோளுக்கும் தலைக்கும் அடியில் உயரம் கொடுப்பார்கள். மயக்கத்துக்கு முன் சில நிமிடங்கள் சுத்த ஆக்சிஜன் சுவாசிக்க வைப்பார்கள். அப்படிச் சேமித்தால், சாதாரண உடல்வாகு உள்ளவருக்கு மூச்சு நின்ற பிறகு இரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு இறங்க சுமார் 8 நிமிடம் ஆகும். மிகப் பருமனானவருக்கு 3 நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால் குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் முதலிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், உதவிக்கு இன்னொரு மயக்க மருத்துவரும் நிற்பார். வீட்டில் சீபாப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அதை மருத்துவமனைக்கு எடுத்துவர வேண்டும். அறுவை முடிந்ததும் நோயாளி நன்றாக விழித்து, சொன்னதைப் புரிந்துகொண்டு செய்யும் வரை டியூபை எடுக்க மாட்டார்கள். மார்பின் வகை வலி மருந்துகளை முடிந்தவரை குறைத்து, அன்றிரவு தலைப்பக்கத்தை உயர்த்தி அல்லது ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக் கவனிப்பார்கள்.