வானொலித் தொலைநோக்கியில் என்ன நிகழ்ச்சி போகிறது?

ஆதிகால ஐதரசனின் ஒலியை வானொலித் தொலைநோக்கி கேட்டுவிட்டது என்கிற மாதிரிச் செய்திகள் தமிழில் வந்துகொண்டே இருக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் விஞ்ஞானக் கண்காட்சிப் பதாகைகளிலும் அதே சொல். ஒன்றிரண்டு தடவை என்றால் பேசாமல் போய்விடலாம். இப்போது பிள்ளைகள் அந்தக் கருவியில் எங்கோ ஒரு ஒலிபெருக்கி பூட்டியிருக்கும் என்றே நினைக்கிறார்கள். றேடியோ ரெலஸ்கோப்புக்குத் தமிழ் கதிரலைத் தொலைநோக்கி. வானொலித் தொலைநோக்கி பிழை.

றேடியோவின் வேர் 'ரேடியஸ்' என்ற இலத்தீன் சொல். கோல், சில்லின் ஆரக்கால், நெசவு நாடா, ஒளிக்கதிர் எல்லாம் அதன் பொருள்கள். கணித வகுப்பில் வட்டத்தின் ஆரை என்று படித்தோமே, அதற்கும் இதுதான் வேர். ஒலி என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. முதலில் கதிராகப் பரவும் அலைக்குப் பெயர்; அப்புறம் அந்த அலையைப் பிடித்துப் பாட்டும் செய்தியும் தந்த பெட்டிக்கும் அதுவே பெயர். தமிழில் கதிர் என்றால் ஒளிக்கதிர், நெற்கதிர், நூல் நூற்கும் கதிர். அங்கே நெசவு நாடா, இங்கே நூற்கும் கதிர்! தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

வானொலி என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் கேட்டு வளர்ந்த ஊர் இது. பெட்டிக்கும் நிலையத்துக்கும் அதைவிட அழகான சொல் கிடைக்காது. ஆனால் அது பெட்டி தருவதற்கான பெயர், அலைக்கான பெயர் அல்ல. நிலையம் ஒலியை அலையில் ஏற்றி அனுப்புகிறது, பெட்டி அதை இறக்கி ஒலியாக்குகிறது. வானத்து ஐதரசன் எந்த ஒலியையும் ஏற்றி அனுப்பவில்லை. வெற்றுவெளியில் ஒலி பயணிக்கவும் முடியாது. வருவது ஒளியின் இனம்தான், அலைநீளம் மட்டும் அதிகம். ஊட்டியில் 1970 முதல் இயங்கும் தொலைநோக்கியைப் பாருங்கள்: மலைச்சரிவில் 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம், கம்பிகளால் ஆன தெறிபரப்பு. அது ஒரு கண்ணாடி. நோக்குகிற கருவியின் பெயரிலேயே ஒலியையும் ஒட்டினால், ஒலியை நோக்கும் கருவி என்றல்லவா பொருள் வரும்?

ஐதரசன் அணுவில் புரோத்தனும் இலத்திரனும் ஒரே பக்கமாகச் சுழல்வது ஒரு நிலை, எதிர்ப் பக்கமாகச் சுழல்வது மற்றொரு நிலை. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது 21 சென்ரிமீற்றர் அலை வெளிப்படுகிறது. மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அலை என்ற கணக்கு, 1420 மெகாஹேர்ட்ஸ். தானாக மாற ஓர் அணுவுக்குச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அணுக்கள் எண்ணற்றவை என்பதால்தான் எங்களுக்கு ஏதாவது வந்து சேர்கிறது. இதை 1944இல் முன்கூட்டியே சொன்னவர் ஓர் ஒல்லாந்தர், வான் டி ஹுல்ஸ்ட். 1951இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் யன்னலுக்கு வெளியே ஒரு கொம்பு அன்ரனாவை நீட்டிவைத்துப் பிடித்தார்கள். பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் அலை நீண்டுவிடும், மீடிறன் குறையும். எந்த மீடிறனில் வந்தது என்று பார்த்தால் எவ்வளவு தொலைவு என்று தெரியும். கனடாவின் சைம் தொலைநோக்கி 400 முதல் 800 மெகாஹேர்ட்ஸ் வரை பார்த்து ஐதரசனின் முப்பரிமாண வரைபடத்துக்கு முயல்வது இந்த வழியில்தான்.

இன்னும் பின்னால், முதல் விண்மீன்கள் பிறந்த காலத்துக்குப் போனால் அலை மூன்று நான்கு மீற்றர் அளவுக்கு நீண்டு, மீடிறன் 100 மெகாஹேர்ட்ஸ் பக்கம் வந்துவிடும். எங்கள் எஃப்எம் நிலையங்கள் குந்தியிருக்கும் இடமும் அதுதான், 88 முதல் 108 வரை. அதனால்தான் இந்தக் கருவிகளை மேற்கு அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனுக்கும் தென்னாபிரிக்காவின் கரூவுக்கும் கொண்டுபோய் வைக்கிறார்கள். எந்த வானொலிக்குப் பயந்து பாலைவனத்துக்கு ஓடுகிறார்களோ அதன் பெயரையே நாங்கள் கருவிக்குச் சூட்டியிருக்கிறோம்! 'வானொலி ஒலிபரப்பு கதிரலைத் தொலைநோக்கியைக் குழப்புகிறது' என்று எழுதினால் யார் யாரைக் குழப்புகிறார்கள் என்று விளங்கும். 'வானொலி வானொலித் தொலைநோக்கியைக் குழப்புகிறது' என்றால் வாசகர்தான் குழம்புவார்.

எதிர்த் தரப்புக்கும் ஒரு நல்ல வாதம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியியலாளர் கார்ல் ஜான்ஸ்கி, கடல் கடந்த றேடியோத் தொலைபேசியைக் குழப்பும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய்த்தான் பால்வீதியின் அலையைக் கண்டுபிடித்தார். துறை பிறந்ததே வானொலிக்காரர் வீட்டில் என்பார்கள். சரி, பிறந்த வீடு அதுதான். அதற்காக அங்கே ஆராய்ந்த அலை ஒலியாகிவிடாது.

மற்ற வாதம், கதிர் என்றால் சனங்கள் கதிரியக்கத்தை நினைத்துப் பயப்படுவார்கள் என்பது. காலைக் கதிரவனைக் கண்டு யாரும் பயப்படுவதில்லையே. கதிர் என்பது தமிழில் அணுகுண்டுக்கு மிக மூத்த சொல். 'றேடியோத் தொலைநோக்கி' என்று அப்படியே எழுதுகிறவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. ஐதரசனையும் இலத்திரனையும் ஏற்றுக்கொண்ட எங்களுக்கு இரவல் சொல் ஒன்றும் தீட்டு அல்ல. இரவலாவது பொய் சொல்லாது. நல்ல தமிழ் போல நின்று பிழையைச் சொல்லிக்கொடுக்கும் சொல்தான் மோசம்.

அந்தப் பிழை தனியாகவும் நிற்பதில்லை. வானொலி என்று தொடங்கிய மொழிபெயர்ப்பாளர் அடுத்த வரியில் 'கேட்டது' என்கிறார். அன்ரனாவுக்கும் அதன் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிக்கும் இடையிலான வடத்தின் இரு முனைகளிலும் சமிக்ஞை தெறித்துத் திரும்புவதை 'எதிரொலி' என்கிறார். ஒளித்தெறிப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்த சொல் கையில் இருக்கும்போது எதற்கு எதிரொலி? இது சின்ன விஷயமும் அல்ல. பால்வீதி முதலியவற்றின் பிரகாசம், ஆய்வாளர் தேடுகிற ஐதரசன் சமிக்ஞையைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல். உச்சி வெயிலில் மின்மினி தேடும் வேலை. அந்தப் பிரகாசம் மீடிறனோடு சீராக மாறுவதால் கழித்துவிடலாம் என்பதுதான் நம்பிக்கை. வடத்துத் தெறிப்பு அந்தச் சீரில் அலையலையாக மேடுபள்ளம் போட்டுவிடுகிறது. அது ஐதரசன் போட்ட மேடா, வடம் போட்ட மேடா என்று பிரிப்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பு போகிறது. 2018இல், முதல் விண்மீன் காலத்து ஐதரசனைத் தேடும் எட்ஜஸ் என்ற ஆய்வுக் குழு, 78 மெகாஹேர்ட்ஸில் பிரகாசம் குறையும் ஒரு பள்ளத்தைக் கண்டதாக அறிவித்தபோதும் கேள்வி இதுதான். பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தார் அதே சமிக்ஞையைத் தேடும் சராஸ் 3 என்ற கருவியைக் கர்நாடகத்து நீர்நிலைகளில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். நிலத்தடி மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக இருந்து குழப்பும், ஆழமான நீர் ஒரே சீராக இருக்கும் என்பது காரணம். அந்தப் பள்ளம் தங்களுக்குத் தெரியவில்லை என்று 2022இல் எழுதினார்கள்.

இரைச்சல் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடலாம். இலத்திரனியலில் அது வேரூன்றிவிட்டது, ஜான்ஸ்கியின் செவிப்பொறியில் உண்மையாகவே இரைந்ததும் உண்டு. ஆனால் ஐதரசனுக்கு முன்னால் நிற்கும் பால்வீதியின் பிரகாசத்தை, ஆங்கிலத்தில் 'ஃபோர்கிரவுண்ட்' என்பதை, 'முன்னணி உமிழ்வு' என்று எழுதியிருந்ததையும் அண்மையில் பார்த்தேன். முன்னணி எங்கள் ஊரில் தேர்தலில் நிற்பது. பின்புலம் என்று தினமும் எழுதுகிற கைக்கு முன்புலம் என்று எழுத வராதா?