அந்த 'டிக்' சத்தம் வருகிறதா? பழைய ரிசீவரில் ஹெட்ஃபோன் மாட்டுவதற்கு முன்

போன வைகாசியில் ஒரு தம்பி இரண்டு ஹெட்ஃபோன்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இரண்டிலும் இடது பக்கம் பேச்சே இல்லை. "முதல்ல ஒண்ணு போச்சு அண்ணே, ஹெட்ஃபோன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு இன்னொண்ணு வாங்கினேன், அதுவும் பத்தே நிமிஷத்துல அதே இடது பக்கம் போயிடுச்சு" என்றார். செட் எங்கே என்றேன். வீட்டில் இருக்கிறதாம், எழுபதுகளின் கடைசியில் வந்த ஜப்பான் ரிசீவர், வெள்ளி முகப்பு. "செட்டுல ஒண்ணும் இல்ல அண்ணே, வலது பக்கம் அருமையா பாடுது." ஆன் செய்து நாலைந்து செகண்ட் கழித்து உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அது வருகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "முன்னாடி வரும். இப்போ கொஞ்ச நாளா வரல. அது எதுக்கு?"

அந்த 'டிக்'கைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகள் பலர் இப்போது பழைய ரிசீவர் வாங்குகிறார்கள், ஸ்பீக்கர் வைக்க வீட்டில் இடம் இல்லை, ராத்திரியில் சத்தமாகக் கேட்க முடியாது, அதனால் ஹெட்ஃபோன் மட்டும் மாட்டிக் கேட்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான், அந்தச் செட்டுகள் அதற்குத் தகுதியானவையும்தான். ஆனால் ஸ்பீக்கர் இல்லாமல் கேட்பவருக்கு, செட் கெட்டுப்போயிருப்பதைச் சொல்லும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று காதில் விழுவதே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். ரேடியோ டியூனரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருந்தால் அது ரிசீவர். 1971-இல் வந்த மராண்ட்ஸ் 2270 பக்கத்துக்கு 70 வாட், 1978-இல் வந்த பயோனியர் எஸ்எக்ஸ்-1980 பக்கத்துக்கு 270 வாட். இவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே ஹெட்ஃபோனுக்கென்று தனியாக ஒரு சின்ன ஆம்ப் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான செட்டுகளில் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகிற அதே வெளியீட்டிலிருந்து பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் (கரண்டைக் கட்டுப்படுத்தும் மின்தடை) போட்டு, முன்பக்க ஹெட்ஃபோன் ஜாக்கில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். 220 ஓம், 330 ஓம், 470 ஓம், இப்படி இருக்கும். அவ்வளவுதான்.

எழுபதுகளில் வந்த பல செட்டுகளில் ஆம்ப்ளிஃபயருக்கு பிளஸ், மைனஸ் என்று இரண்டு சப்ளை. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த சப்ளை முழுசாக, சுத்தமான டி.சி.யாக (ஒரே திசையில் ஓடும் கரண்டாக), வெளியே வந்து நிற்கும். ஸ்பீக்கரை அது எரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நடுவில் ஒரு ரிலே, அதாவது கரண்ட் கொடுத்தால் தானாக ஒட்டுகிற ஒரு சுவிட்ச். ஆன் செய்ததும் பாதுகாப்பு சர்க்யூட் சில செகண்ட் பார்க்கும், டி.சி. இல்லை என்றால் ரிலே 'டிக்' என்று ஒட்டும், இருந்தால் ஒட்டாது. ஸ்பீக்கர் தப்பித்துவிடும். ஆனால் பல மாடல்களில் ஹெட்ஃபோன் லைனை ரிலேவுக்கு முன்னாலேயே எடுத்திருக்கிறார்கள். அதாவது, ஸ்பீக்கருக்கு இருக்கிற காவல் உங்கள் ஹெட்ஃபோனுக்கு இல்லை.

தம்பியின் செட்டைத் திறந்தபோது இடது பக்க வெளியீட்டில் 38 வோல்ட் நின்றது. ஜாக்குக்குப் போகும் 330 ஓம் ரெசிஸ்டன்ஸ் கறுத்து, அதன் அடியில் போர்டும் வெந்து பழுப்பாகியிருந்தது. அவருடைய ஹெட்ஃபோன் 32 ஓம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 105 மில்லி ஆம்பியர், ஹெட்ஃபோனின் வாய்ஸ் காயில் (உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் கம்பிச் சுருள்) மேல் மட்டும் கிட்டத்தட்ட 0.35 வாட். பாட்டு என்றால் ஏறி இறங்கும், இது ஒரு நொடிகூட இறங்காமல் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். முடியைவிட மெல்லிய கம்பி, எத்தனை நிமிஷம் தாங்கும்? ரிலே ஒட்டாததால் ஸ்பீக்கர் வைத்திருந்தவர் என்றால் அன்றைக்கே "செட் ஊமையாகிவிட்டது" என்று தூக்கிக்கொண்டு வந்திருப்பார். இவருக்கு வலது காதில் பாட்டு வந்துகொண்டே இருந்தது.

ஆகவே முதல் வேலை இதுதான், ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் (ஹெட்ஃபோன் ஒயரின் முனையில் இருக்கும் பெரிய பிளக்) ஒன்றை வாங்கி மூன்று ஒயர் பற்றவைத்துக் கொள்ளுங்கள். ஹெட்ஃபோனை மாட்டாமல், வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து, இந்தப் பின்னை ஜாக்கில் செருகி, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். முதலில் பெரிய ரேஞ்ச், அப்புறம் சின்ன ரேஞ்ச். நுனிக்கும் அடிக்கும் நடுவில் இடது, நடு வளையத்துக்கும் அடிக்கும் நடுவில் வலது. 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாகக் கேளுங்கள். 50 வரை பரவாயில்லை, ஆனால் குறித்து வையுங்கள். 100-ஐத் தாண்டினால் செட்டைக் காட்டவேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் உடனே ஆஃப். ஆன் செய்தவுடன் ஒரு தடவை, அரை மணி நேரம் சூடான பிறகு ஒரு தடவை பாருங்கள், ஏனென்றால் குளிர்ச்சியாக இருக்கும்போது 15 காட்டிவிட்டு சூடானதும் 150-க்கு ஓடுகிற செட்டுகள் உண்டு.

உங்கள் செட்டில் ஹெட்ஃபோன் லைன் ரிலேவுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிய சர்க்யூட் படம் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. போனாலும் கவலையில்லாத பழைய இயர்ஃபோன் ஒன்றை மாட்டி, காதில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டை ஓடவிட்டு ஆன் செய்யுங்கள். 'டிக்' வருவதற்கு முன்பே பாட்டு கேட்டால் உங்கள் ஹெட்ஃபோனுக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட செட்டில் ஆன் ஆகும்போது வருகிற 'டப்' என்ற உதையும் நேரே காதுக்குத்தான் வரும். முதலில் ஆன், அப்புறம் 'டிக்', அப்புறம் பத்து எண்ணி ஹெட்ஃபோன். இந்த வரிசையை என் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் பழக்கப்படுத்தியிருக்கிறேன். 'டிக்' வரவில்லை என்றால் அன்றைக்குப் பாட்டு கிடையாது.

அடுத்து அந்த ரெசிஸ்டன்ஸ். அதை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்தால் சத்தம் தெளிவாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிடுங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஜாக்குக்குள் ஒரு நொடி ஷார்ட் ஆகும், அப்போது அவுட்புட் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றுவது அந்த ரெசிஸ்டன்ஸ்தான். தம்பியின் செட்டில் அது இல்லாமல் இருந்திருந்தால் 38 வோல்ட்டும் நேரே காதுக்கு வந்திருக்கும். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலையும் ஹம்மையும் அது சேர்த்தே குறைக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஹெட்ஃபோனின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி இருக்காது, பேஸ் பகுதியில், அதாவது கனமான தாழ்ந்த ஒலிகளில், பலவற்றுக்கு ஏறும். 32 ஓம் ஹெட்ஃபோன் ஒன்று பேஸில் 90 ஓமுக்கு ஏறுகிறது என்று வையுங்கள். 330 ஓம் ரெசிஸ்டன்ஸுக்குப் பின்னால் அது உட்காரும்போது அந்த இடத்தில் மட்டும் ஏழெட்டு டெசிபல் தூக்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஊதிப்போய் வலந்தலை அடங்கிவிடும். அதே இடத்தில் 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 பேஸில் 500 ஓமுக்கு ஏறினாலும் தூக்கல் இரண்டு டெசிபல்தான், பலருக்கு அது பிடித்தும் போகும், "பழைய செட்டின் கதகதப்பு" என்று சொல்வதில் பாதி இதுதான். அதனால் 250, 300, 600 ஓம் ஹெட்ஃபோன்கள் இந்தச் செட்டுகளுக்கு ஏற்ற ஜோடி. பிளேனார் வகை (தட்டையான மெல்லிய சவ்வு அதிரும்) ஹெட்ஃபோன்களின் ஓம் எங்கும் ஏறி இறங்காது என்பதால் அவையும் நன்றாக ஒத்துப்போகும். காதுக்குள் செருகும் சின்ன இயர்ஃபோன்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், குணமும் மாறும், இரைச்சலும் கேட்கும்.

ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி மிகக் குறைந்த சென்சிடிவிட்டி உள்ளவற்றை, அதாவது நிறைய பவர் கொடுத்தால்தான் சத்தம் வரும் ஹெட்ஃபோன்களைப், பின்பக்க ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டிக் கேட்பவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். நன்றாகவே பாடும், ரிலேயின் காவலும் கிடைக்கும். ஆனால் அதே ஒயரில் மறதியாக வேறு ஹெட்ஃபோனை மாட்டினால் ஒரு நொடியில் ஹெட்ஃபோனும் போகும், காதும் போகும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரைதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு வாட் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் அந்த 80 என்பது வால்யூம் குமிழின் ஆரம்பத்திலேயே கடந்துவிடும்.

அந்தக் குமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் ஒரு பக்கம் மட்டும் கேட்டு, கொஞ்சம் திருப்பினால்தான் இரண்டும் சமமாகும். இது பழைய வால்யூம் கண்ட்ரோலின் இயல்பு, பெரும்பாலும் பழுது இல்லை. கரகர என்றால் அழுக்கு. அதற்கு கான்டாக்ட் கிளீனர் என்றே கேட்டு வாங்குங்கள், டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். அன்றைக்குக் கரகரப்பு நிற்கும், அப்புறம் அந்த எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும். ரிலேயின் பாயின்ட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், புது ரிலே கிடைக்கிறது.

இனி கரண்ட். நம் ஊருக்கு இந்தச் செட்டுகள் வந்த வழி இரண்டு. அந்தக் காலத்தில் துபாய், குவைத், சிங்கப்பூரிலிருந்து அத்தானோ சித்தப்பாவோ தூக்கிக்கொண்டு வந்தவை, அல்லது பர்மா பஜார் வழியாக வந்தவை. இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் 110, 120, 220, 240 என்று வோல்டேஜ் மாற்றும் வசதி இருக்கும், 240-இல் வைத்துவிட்டால் கவலை இல்லை. இப்போது இணையத்தில் வருபவை வேறு. அமெரிக்கச் செட் 120 வோல்ட், ஜப்பான் உள்நாட்டுச் செட் 100 வோல்ட். நம் 230-இல் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும், கடையில் கிடைக்கும் 110 வோல்ட் வெளியீடு 100 வோல்ட் செட்டுக்குப் பத்து சதவீதம் அதிகம், செட் நாள் முழுக்கச் சூடாகவே ஓடும். ஜப்பான் உள்நாட்டுச் செட் வாங்குகிறவர்கள் டயலையும் பாருங்கள். எஃப்எம் 76-இல் தொடங்கி 90-இல் முடியும். சென்னையில் சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ரெயின்போ 101.4. ஒன்றுகூட எடுக்காது.

பல வருஷம் மூலையில் கிடந்த செட்டை நேராக பிளக்கில் செருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் (செட்டுக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி) போட்டு முதல் கரண்ட் கொடுங்கள், எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், ஆஃப் செய்துவிட்டு என்னைப் போன்ற யாரிடமாவது கொண்டுபோங்கள். மூடியைத் திறக்கிறவர்களுக்கு ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளையைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கண்டன்சர்களில் கரண்ட் நிற்கும்.

எல்லா கண்டன்சரையும் ஒரே நாளில் மாற்றிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹெட்ஃபோனில் 'உம்ம்' என்று வால்யூமைத் தொடாமலே கேட்டால் ஃபில்டர் கண்டன்சரைப் பார்க்கலாம். பொரிகிற மாதிரி 'டப் டப், சர்ர்' என்று ஒரு பக்கம் மட்டும் வந்தால் அது வயதான டிரான்சிஸ்டர். 2எஸ்சி458 போன்ற சிலவற்றின் கால்கள் கறுத்திருக்கும், பார்த்தாலே தெரியும். ஸ்பீக்கரில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் இதெல்லாம் கேட்காது, ஹெட்ஃபோனில் ஒளிய இடமில்லை. ஒரு பகுதியை மாற்றி, ஓடவிட்டு, அளந்து, அப்புறம்தான் அடுத்த பகுதி. அவுட்புட் டிரான்சிஸ்டர் வாங்கும்போது மட்டும் விலை பார்க்காதீர்கள், போலி நிறைய வருகிறது, மலிவாகக் கிடைத்த ஜோடி முதல் நாளே வெடித்துப் பார்த்திருக்கிறேன்.

தம்பியின் செட்டில் போயிருந்தது பயஸ் டையோடு, அவுட்புட் டிரான்சிஸ்டர் வழியாக எவ்வளவு கரண்ட் ஓடவேண்டும் என்று கட்டுப்படுத்துவது. அது திறந்துகொண்டதும் அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறி ஷார்ட் ஆகியிருக்கிறது. ஜோடியாக டிரான்சிஸ்டர், டையோடு, வெந்துபோன 330 ஓம், எல்லாம் மாற்றினேன். அவர் சம்மதத்தோடு ஹெட்ஃபோன் லைனையும் ரிலேவுக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்தேன், இரண்டு ஒயர் வேலைதான். மூடியின் உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி, தேதி போட்டு, இடது 8 மில்லிவோல்ட், வலது 11 என்று எழுதிவைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் அடுத்த அளவை எழுதவேண்டும்.