வயலை விற்று வைத்தியம் பார்க்கும் முன்

"எனது கணவரின் வைத்தியச் செலவுக்காகவும், அதன் பொருட்டுப் பட்ட கடனை அடைப்பதற்காகவும்..." அம்பாசமுத்திரம் பக்கம் நான் எழுதுகிற கிரயப் பத்திரங்களில் இந்த வரி அடிக்கடி வரும். தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம் விளைகிற வயல், அவசரத்தில் கேட்ட விலைக்குக் கைமாறிவிடும். "வயக்காடு போனாப் போவுது ஐயா, இவுக எந்திரிச்சு வந்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே கைரேகை வைத்தார் ஓர் அம்மா.

நான் கட்டும் வரியில் அடுத்தவனுக்கு வைத்தியமா, அது என் சொத்தைப் பறிப்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. சொத்துரிமை வழக்குகளிலேயே காலம் கழிக்கிற எனக்கு அது தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. 1978-இல் அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது உண்மை; ஆனாலும் சட்டப்படி அன்றி எவர் சொத்தையும் எடுக்கக்கூடாது என்று 300ஏ பிரிவு இன்றும் சொல்கிறது. சட்டமில்லாமல் வரியும் இல்லை. கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் வயலுக்கு எல்லை அளக்கிற சர்வேயர், சார்பதிவாளர் அலுவலகம், ஆக்கிரமித்தவனை வெளியேற்றுகிற நீதிமன்றம், எல்லாம் ஊர்ப்பணத்தில்தான் நடக்கின்றன. சோப்பு வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டுகிற கூலிக்காரரின் பணமும் அதில் இருக்கிறது. பட்டாவைக் காக்க அந்தப் பணம் ஆகும், அவர் உயிரைக் காக்க ஆகாது என்பது என்ன நியாயம்? அரசு வைத்தியம் கைகொடுக்காத வீட்டில் நோயோடு சேர்ந்து சொத்தும் போகிறது. அதை நான் பத்திரத்தாளில் பார்க்கிறேன்.

ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட மேற்கு வங்கத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், அது உயிர் வாழும் உரிமையை மீறியது என்றும், அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டித் தப்ப முடியாது என்றும் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதனால் வயலுக்கு அட்வான்ஸ் வாங்கும் முன் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் ஒரு தடவை கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. விஏஓ தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். எல்லா நோயும் எல்லா ஆஸ்பத்திரியும் அதில் வராது. சேர்க்கும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். சாலை விபத்தென்றால், 'இன்னுயிர் காப்போம்' என்ற தனித் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துக்கு வருமானம் பார்ப்பதில்லை.

அத்தனையும் பார்த்தும் பணம் போதவில்லையா? எடுத்த எடுப்பில் சுத்தக் கிரயம் வேண்டாம். ஒத்திக்கு விடுங்கள், அதாவது கடனைத் திருப்பும்வரை வயலை அவர் அனுபவிக்கக் கொடுங்கள்; மீட்கும் கெடுவைத் தெளிவாக எழுதி, அந்த ஒத்திப் பத்திரத்தைப் பதிவும் செய்துகொள்ளுங்கள்.