அட்சார்ப்ஷன்: உறிஞ்சுதலா, பற்றுதலா?

மழை பெய்த மறுநாள் சேர்வராயன் மலையடிவாரத்து ஓடைத் தண்ணீர் செம்மண் கரைந்து காவி நிறத்தில் வரும். எங்கள் பாட்டி தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் வட்டமாகத் தேய்த்துவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி வைப்பார். மண் திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கும். தேற்றுதல் என்றால் தெளியவைத்தல்; தேற்றாங்கொட்டைதான் பேச்சில் இப்படி ஆனது. குடத்துக்குள் நடந்ததில் முதல் படிக்கு அறிவியலில் அட்சார்ப்ஷன் என்று பெயர்.

1881இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் வழக்குக்குக் கொண்டுவந்த சொல் இது. லத்தீனில் 'சோர்பேரே' என்றால் உறிஞ்சு; 'அட்' என்பது 'அதன்பால்' என்ற பொருள் தரும் முன்னொட்டு. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்தால் அது அப்சார்ப்ஷன். இரண்டையுமே நாம் 'உறிஞ்சுதல்' என்று எழுதிவிடுகிறோம். அது பிழை. மண் துகள் எதையும் குடிப்பதில்லை. கொட்டையிலிருந்து கரைந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மண் துகளின் மேல்தோலில்தான் பிடிக்கின்றன. ஒரே சங்கிலி இரண்டு மூன்று துகள்களைப் பிடித்துக்கொண்டால் அவை கனத்து இறங்கும். கொட்டையை அதிகமாகத் தேய்த்தால் துகள் முழுதும் சங்கிலி போர்த்திவிடும். அப்புறம் துகள்கள் ஒன்றையொன்று சேரா.

மரவள்ளி மாவும் இப்படி ஒட்டக்கூடியதுதான். மாவுச்சத்து இரும்பு ஆக்சைடின் மேல் நன்றாகப் பிடிக்கும், தாதுவோடு கலந்திருக்கும் குவார்ட்ஸ் கல்லின் மேல் அவ்வளவாகப் பிடிக்காது. பிரேசிலில் ஹேமடைட் என்ற இரும்புத் தாதுவைச் சுத்தம் செய்ய மக்காச்சோள மாவைக் காரக் கரைசலில் கூழாக்கிச் சேர்க்கிறார்கள். மாவு பூசிய இரும்பு அடியில் தங்க, குவார்ட்ஸ் வேறொரு மருந்தால் நுரையோடு மேலே போய்விடும். ஜவ்வரிசி மில்லும் கஞ்சமலை இரும்புக்கல்லும் பக்கத்தில் இருக்கிற சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உறவு இது.

தமிழில் என்ன சொல்வது? நம் பாடநூல்களில் பரப்புக் கவர்தல், இலங்கையில் புறத்துறிஞ்சல். முன்னது சரியானதே, ஆனால் கவர்வதோடு நின்றுவிடுகிறது, ஒட்டி நிற்பதைச் சொல்லவில்லை. பின்னதில் பழைய உறிஞ்சல் இன்னும் இருக்கிறது. நம் வீட்டிலேயே 'பற்று' இருக்கிறதே! சோறு காய்ந்து ஒட்டியது பற்றுப் பாத்திரம், பேச்சில் பத்துப் பாத்திரம். தலைவலிக்கு நெற்றியில் போடுவதும் பற்றுதான். ஆகவே 'மேற்பற்று' என்பேன். ஒட்டியது பிரிவதைப் 'பற்று விடுதல்' என்று சொல்லலாம். மாவுச்சத்துச் சங்கிலிக்கு அது எளிதல்ல: ஒவ்வொரு பிடியும் வலுவற்றது, ஆனால் நூற்றுக்கணக்கான பிடிகளும் ஒரே நேரத்தில் நழுவினால்தான் பற்று விடும்.